வெறுங்கூடையின் எடை

கொழும்பில் அந்தப் பரீட்சை மண்டபத்துக்கு ஒன்பது படிகள். காலையில் ஏறும்போது எண்ணியிருந்தேன். சாயங்காலம் இறங்கும்போது ஐந்தாவது படியில் நின்றுவிட்டேன்.

பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் மட்டும் தோளில் மோதிவிட்டு, "என்ன அண்ணை, கால் பிடிச்சுக்கொண்டுதோ?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன்.

காலில் ஒன்றுமில்லை. ஏழாவது கேள்விக்கு எழுதிய விடையின் முடிவில் ஒரே ஓர் எழுத்தைப் போட்டேனா, போடவில்லையா என்பது எனக்கு நினைவில் இல்லை. அவ்வளவுதான். வலது கைப் பெருவிரலில் மை காய்ந்து தோலை இழுத்துக்கொண்டிருந்தது. கடலிலிருந்து வந்த காற்றில் உப்பும் மீனும் மணத்தன. மண்டபத்துக்குள் விடைத்தாள்களை அடுக்கிக் கட்டும் சத்தம் கேட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்களோ என்னவோ, 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு என் ஏழாவது விடை இங்கிலாந்துக்குப் போகும் கப்பலுக்குப் போய்விட்டது.

ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை

பசறை வீதியில் மண் சரிந்த வருஷத்தைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் தவறாக எழுதிவிட்டேன் என்று அப்புத்தளையிலிருந்து ஒரு வாசகர் கண்டித்து எழுதியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. தினமும் மழையளவு எழுதிவைக்கும் என் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை மழையே நனைத்துவிட்டது.

ஆகையால் இந்த வாரம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பரீட்சை எழுதிய ஆண்டு குறிப்பேட்டில் ஒன்றாகவும், தபாலில் வந்த பாடக் கட்டின் மேலுறையில் வேறொன்றாகவும் இருக்கிறது. முதலாவது பெரிய யுத்தத்துக்கு முன்னால் என்பது நிச்சயம். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் என்பதும் நிச்சயம். தெமோதரை வழியாக நான் நடந்தே போய் ரயிலேறினேன். செருப்பின் வலது வார் வழியில் அறுந்தது. அது குறிப்பேட்டில் இருக்கிறது.

தபாலில் வந்த பாடம்

அப்போது நான் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பெண்கள் பறித்துவரும் கொழுந்தைக் கூலிக் கணக்குக்காக நிறுத்து எழுதுவது என் வேலை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த இருப்பிடம், இன்னொரு கணக்கப்பிள்ளையோடு பங்கிட்டுக்கொண்ட ஓர் அறைதான். என் மனைவி லோகம்மாள் பதுளையில் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

"நம்ம கல்யாணம் பௌர்ணமி விரதம் மாதிரி ஆயிருச்சுங்க. மாசத்துக்கு ஒரு தடவ வருது" என்பாள் லோகம்மாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். பஸ்ஸில்லாத அந்த மலைப்பாதையில் திரும்பி ஏறும்போது எனக்குச் சிரிப்பு வராது.

பதுளைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணித ஆசிரியர் அந்த வருஷக் கடைசியில் ஊருக்குத் திரும்பப் போகிறார் என்று தெரியவந்தது. வேலையோடு பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறை வீடும் உண்டு. தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். சீமைப் பல்கலைக்கழகத்தின் இண்டர்மீடியட் பரீட்சையில் தேறினால் அந்த இடம் எனக்கு என்றார். "அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டு வராதேயுங்கள். அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்" என்றும் சொன்னார். தோட்டத்துத் துரையும் அப்படியே: பரீட்சைக்கு லீவு ஒரே ஒரு தடவை.

மற்றப் பாடங்களில் பயமில்லை. கணிதத்தில் புதிதாக ஒரு பகுதி இருந்தது, கால்குலஸ். இன்று பிள்ளைகள் வகையீடு, தொகையீடு என்று அழகாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சொற்களும் கிடையாது, சொல்லித்தர ஆளும் கிடையாது. சீமையில் தபால் மூலம் பாடம் நடத்தும் ஒரு நிலையத்தில் சேர்ந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு பாடக் கட்டு வரும். அதன் முடிவிலுள்ள கணக்குகளைச் செய்து அனுப்பவேண்டும். அவர்கள் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள்.

தோட்டத்துத் தபால் பை துரையின் மேசையில்தான் பிரியும். ஆகவே பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த காசிம் நானாவின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். அவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் எந்தப் பரீட்சையும் தேறுவதற்கு முன்பே என்னை 'வாத்தியார்' ஆக்கிவிட்டவர். பாடக் கட்டுகளைச் சீத்தைத் துணிகளுக்கு நடுவில் வைத்திருப்பார். அதனால் என் கால்குலஸ் முழுவதிலும் புதுத்துணிக் கஞ்சி வாசனை.

சிவப்பு மை

வகையீடு எனக்குச் சுலபமாக வந்தது. ஒன்று எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதுதானே அது? காலையில் பனி விலகியதும் கொழுந்தெடுக்கும் கைகள் எவ்வளவு விரைவாக ஓடும், மத்தியானம் எப்படித் தளரும் என்று தினமும் பார்க்கிறவன் நான். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், நான் ஒரு மேதையோ என்றுகூட இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தொகையீடு வந்தது. அது வகையீட்டின் திரும்பு பயணம். மாறும் வேகம் தெரிந்தால் மொத்தத்தைக் கண்டுபிடிப்பது. அப்படிக் கண்டுபிடித்த விடையின் கடைசியில் 'C' என்று ஓர் எழுத்தைக் கூட்டி எழுதவேண்டும். மாறிலி என்பார்கள். வேகத்தைப் பார்த்து அறிய முடியாத, ஆரம்பத்திலேயே இருந்த ஏதோ ஓர் அளவு. அந்த எழுத்தைத்தான் நான் போடவில்லை.

தொகையீட்டின் முதல் கட்டு திருத்தப்பட்டு வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில், மாறிலி எங்கே என்று கேட்டிருந்தது. திருத்துகிறவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரே ஓர் எழுத்தில் கையொப்பம் இடுவார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கப்பலில் போய்க் கப்பலில் திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அதே தவறோடு என் கட்டுகள் இன்னும் மூன்று கடலில் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் திரும்பி வரும்போது எனக்கு முன்கூட்டியே தெரியும், உள்ளே என்ன இருக்குமென்று. இரண்டாவது கட்டில், மறுபடியும் மாறிலி எங்கே என்று இருந்தது. மூன்றாவதில் வார்த்தைகளே இல்லை. பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு சிவப்பாக ஒரே ஒரு C.

காசிம் நானா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வாத்தியார், இது பாடமா, தலப்பிறையா? நோம்பு வைக்கச் சொல்றாரா ஒங்கட சீமைக்காரர்?"

வேடிக்கை என்னவென்றால், தவறு தெரிந்த பிறகும் அது நிற்கவில்லை. கவனமாக இருந்தால் எழுதுவேன். கொஞ்சம் வேகம் பிடித்தால் விட்டுவிடுவேன். கை தானாகவே அதை உதிர்த்துவிடும். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அதை விளக்கியவள் வெள்ளையம்மா.

மடுவத்தில் ஒரு சண்டை

கொழுந்து நிறுக்கும் கொட்டகையை மடுவம் என்போம். நான்கு கால்கள், தகரக் கூரை, நடுவில் தொங்கும் தராசு. நாளுக்கு மூன்று நிறுவை. கூடையோடு தூக்கி மாட்டுவார்கள். கூடைக்கென்று மூன்று றாத்தலைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லவேண்டும். யாருடைய கூடையானாலும் மூன்று. எனக்கு முன்பிருந்தவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். தராசு முள் இருபத்தைந்தில் நிற்கும். என் வாய் "இருபத்திரண்டு" என்று சொல்லும். நடுவில் ஒன்றைக் கழித்தேன் என்ற நினைவே எனக்கு இருக்காது.

ஒரு நாள் காலை நிறுவையில் வெள்ளையம்மா தன் கூடையைத் தராசிலிருந்து இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வயதுதான் இருக்கும். மலையில் அவளுக்கு இணையாகக் கொழுந்தெடுக்க ஆளில்லை. வாய்க்கும்தான்.

"ஐயா, கூடைக்கு எத்தன கழிச்சீங்க?"

"மூணு. தெனமும் அதானே?"

"அதான் கேக்குறேன். எல்லாக் கூடையும் ஒரே வகுத்துல பொறந்ததா? ஏங் கூடையப் பாருங்க, அடி தேஞ்சு கோழிக்கூடு கணக்கா கெடக்கு. இதுவா மூணு றாத்தலு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கங்காணி தடியால் தூணைத் தட்டினார். "ஏ புள்ள, ஐயாவுக்கே கணக்குச் சொல்லிக் குடுக்குறியா? அவரு சீமைக்கே கணக்குப் போட்டு அனுப்புறவரு, தெரியும்ல?"

"அனுப்பட்டும், வேணாங்கல. சீமையில கூடை இருக்கான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலைல மலைக்குப் போறதுக்கு முந்தி வெறுங்கூடைய நிறுத்துப் பாருங்கய்யா. வெறுங்கூட எத்தனன்னு தெரியாம நெறஞ்ச கூடைய வச்சுக்கிட்டு என்னத்தக் கண்டீங்க?"

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் அன்று முழுவதும் காதை விட்டுப் போகவில்லை. அதை எங்கோ படித்த மாதிரியும் இருந்தது.

மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரியும் முன் அவளுடைய கூடையை வெறுமையாக மாட்டினேன். இரண்டேகால் றாத்தல். நான் கழித்தது மூன்று. ஒரு நிறுவைக்கு முக்கால் றாத்தல் கொழுந்து என் வாயிலேயே காணாமல் போயிருக்கிறது. நாளுக்கு மூன்று நிறுவை. கூட்டிப் பார்த்தேன், இரண்டேகால். தினமும் சரியாக அவளுடைய கூடையின் எடைக்குக் கொழுந்தை அவளிடமிருந்து எடுத்திருக்கிறேன்.

"புரியுதாய்யா?" என்றாள்.

"புரியுது" என்றேன். இரண்டு விஷயங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

கூடையில் கொழுந்து சேரும் வேகத்தை நாள் முழுவதும் பக்கத்தில் நின்று குறித்தாலும், தராசு என்ன காட்டும் என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் வெறுங்கூடை எவ்வளவு என்று தெரியவேண்டும். அதுதான் அந்த C. வருஷக்கணக்காகக் கூடையைச் சொல்லாமலே கழித்துக் கழித்து, எந்தக் கணக்கிலும் கூடையை எழுதக்கூடாது என்று என் கை பழகிவிட்டது. சீமையிலிருந்தவருக்கு இது எப்படித் தெரியும்? பாவம், அவர் மையைத்தான் செலவழித்தார்.

அந்த வாரமே கூடைகள் எல்லாவற்றையும் வெறுமையாக நிறுத்து, அடியில் சிவப்புச் சாயத்தால் அதனதன் எடையை எழுதினேன். இதில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று எழுத ஆசைதான். கொழுந்தெடுக்கும் பேச்சியின் புதுக்கூடை மூன்றரை றாத்தல் இருந்தது, இனி நிறுவைக்கு அரை றாத்தல் அவளுக்குக் குறையும். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. துரை ஒரு கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். தொழிற்சாலை நிறுவையையும் என் நிறுவையையும் ஒப்பிட்டார். ஒன்றும் சொல்லாமல் குதிரையேறிப் போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து நான் அனுப்பிய கட்டு சிவப்பு மையில்லாமல் திரும்பி வந்தது.

ஒற்றுத்தாள்

இவ்வளவும் கற்றபிறகுதான் அந்த ஐந்தாவது படியில் அப்படி நின்றேன்.

கடினமான கேள்விகளில் எழுதியது நன்றாக நினைவிருந்தது. அவற்றில் நிதானமாகப் போனேன். ஏழாவது கேள்வி இரண்டு வரித் தொகையீடு. மணியடிக்கச் சில நிமிஷமே இருந்தது. வேகமாகப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். வேகம் வந்தால் என் கை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ரயிலில் பண்டாரவளை வரை புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே வந்தேன். தொடாமல் விட்டவை இரண்டு கேள்விகள். ஏழாவது முழுதாக நின்றால் தேறுவேன். நிற்காவிட்டால், அந்த இரண்டு அறை வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள்.

பதுளையில் லோகம்மாள் என் முகத்தைப் பார்த்ததும் கேட்டாள். "ஏங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். கூடைக் கதையை அவள் ஏற்கெனவே அறிவாள்.

"ஒத்த எழுத்துக்கா இந்த முழி முழிக்கிறீங்க?" என்று என் பையை வாங்கிக் கவிழ்த்தாள். பேனா, மைப்புட்டி, சாப்பிடாத வாழைப்பழம், கடைசியில் மை ஒற்றிய தாள். அதை எடுத்துக்கொண்டு சுவரிலிருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். ஒற்றுத்தாளில் எழுத்துகள் இடவலம் மாறிப் பதியும், கண்ணாடியில் நேராகும். இது எனக்குத் தோன்றவே இல்லை.

வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. இருவரும் கண்ணாடியில் முட்டிக்கொண்டு பார்த்தோம். மூன்று மணி நேரத்து மை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து எறும்புப் புற்று மாதிரி இருந்தது. ஏழாவது விடையின் வால் மட்டும் ஒரு மூலையில் தனியாகத் தெரிந்தது. அதன் முடிவில் ஒரு வளைவு.

"இந்தா இருக்கே, பெறை மாதிரி!" என்றாள்.

"அது அடைப்புக்குறியா இருக்கும்."

"அடைப்புன்னா ரெண்டு பக்கமும் வேணும்ல? மத்தது எங்க?"

"ஒத்துத்தாள்ல எல்லாமே ஒட்டாது லோகு."

"அப்ப ஒட்டுனத நம்புங்க."

அன்று தொடங்கிய வாதம் மூன்று மாதத்துக்கு மேல் நடந்தது. ஒவ்வொரு தடவையும் நான் இறங்கிப் போகும்போது அந்தத் தாள் கண்ணாடியில் செருகியிருக்கும். இருவரும் ஒருமுறை பார்ப்போம். அவளுக்கு அது C. எனக்கு அடைப்புக்குறி. மூன்றாவது மாதம் எனக்கும் கொஞ்சம் C மாதிரித் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

காசிம் நானாவின் வண்டி

தீபாவளிக்கு முன் காசிம் நானா துணிமூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருவது வழக்கம். அன்று மத்தியான நிறுவை நடந்துகொண்டிருந்தது. வண்டி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் திரும்பாமல் நேரே மடுவத்துக்கு வந்தது.

"வாத்தியார், கடுதாசி வந்தீக்கிது. சீமை முத்திரை."

"பிரிச்சீங்களா நானா?"

"சீச்சீ, அடுத்தவன்ட கடுதாசிய நான் பிரிப்பேனா?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "வெயில்ல புடிச்சுப் பார்த்தேன். ஒண்டும் வெளங்கல்ல" என்றார்.

தராசில் வெள்ளையம்மாவின் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. என் விரல்களில் கொழுந்துச் சாறு பிசுபிசுத்தது. உறையின் ஓரத்தைக் கிழிக்க இரண்டு தடவை முயன்றேன். அது அச்சடித்த சிறிய தாள். என் பெயரை மட்டும் கையால் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இருந்த ஒற்றைச் சொல்லைப் படித்தேன். மறுபடி படித்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன், அங்கே வேறு ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று.

தேறியிருந்தேன்.

பெரிய சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். தோளிலிருந்து ஏதோ இறங்கியது. இவ்வளவு நாளாகச் சுமந்த கனம் இறங்கியபிறகுதான் தெரிந்தது. காசிம் நானா என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்! இனி வாத்தியார்னு கூப்பிட்டா சும்மா கூப்பிட்டதாகாது" என்று வண்டிக்காரனின் முதுகில் ஓங்கித் தட்டினார். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஐயா, நல்ல சேதின்னா சரி. மொதல்ல ஏங் கூடைய எறக்குங்க" என்றாள் வெள்ளையம்மா.

முள்ளைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "இருபத்தாறு!"

கங்காணி என்னைப் பார்த்தார். வெள்ளையம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"கூடையக் கழிக்கலையேய்யா."

எனக்கு ஒரு கணம் விளங்கவே இல்லை.

"ரெண்டேகாலு. அடியில நீங்கதான எழுதுனீங்க? ஏங் கொழுந்து எனக்கு வந்தாப் போதும், கூடையும் சேத்து வேணாம்" என்றாள். மடுவமே சிரித்தது. பேச்சிகூடச் சிரித்தாள்.

வருஷக்கணக்காக ஒரு தடவைகூடக் கழிக்காமல் விட்டதில்லை. அன்றுதான் முதல் தடவை. இருபத்து மூன்றே முக்கால் என்று திருத்திச் சொன்னேன்.

கண்ணாடிக்கு முன்னால்

நிறுவை முடிந்ததும் காசிம் நானாவின் வண்டியிலேயே பதுளைக்கு இறங்கினேன். மாதத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அல்ல, எந்த ஞாயிற்றுக்கிழமையும் அல்ல. லோகம்மாள் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், வேலைநாளில் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். உள்ளே போய்க் கண்ணாடியில் செருகியிருந்த ஒற்றுத்தாளை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"பெறைதான்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"தேறினேன்னுதான் போட்டிருக்கு. எழுத்து இருந்துதான்னு போடல."

"அதெல்லாம் போடமாட்டாக. எனக்குத் தெரியும்." பிறகு, மிளகாய்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். "அந்த வீட்டுக்குக் கெணறு இருக்குதாங்க?"

இருந்தது.

விடைத்தாள்களை அவர்கள் திருப்பித் தருவதில்லை. அந்த வளைவு என்னவென்று இன்றுவரை தீரவில்லை. ஒற்றுத்தாள் என் குறிப்பேட்டுக்குள்தான் இருக்கிறது, மை பழுப்பாகிவிட்டது. அதை வைத்திருக்கும் பக்கத்தில் கடிதம் வந்த அன்றைய தேதியும் கிழமையும் மழையளவும் இருக்கவேண்டும். அப்புத்தளை வாசகர் மன்னிக்கவேண்டும், அந்தப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை.